பவளக்காரத் தெருவின் தராசு

சென்னைக் கடலில் செம்பவளம் விளைவதில்லை. தெற்கே மன்னார் வளைகுடா வரை போய்த் தேடினாலும் கிடைக்காது. ஆனால் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, ஜார்ஜ் டவுனின் மண்ணடிப் பக்கத்தில், பவளக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறது. முத்தியால்பேட்டையைச் சேர்ந்த தெரு அது. முத்தியால் என்றால் தெலுங்கில் முத்துகள். முத்தாவது நம் கடலில் குளித்து எடுத்தது. பவளம் எங்கிருந்து வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? எதைக் கொடுத்து வாங்கினோம்?

இந்தக் கேள்விகளோடுதான் முதன்முதலாக அந்தத் தெருவுக்குப் போனேன். சரக்கு இறக்கும் வண்டிகளும் சுமை தூக்குவோரின் குரலும் நிறைந்த தெரு. பழைய வீடுகளின் திண்ணைகளுக்கு முன்னால் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். பவளம் விற்கும் கடை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பெயர் மட்டும் நின்றிருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அது ஒரு பக்கம் மத்தியதரைக் கடலின் இருண்ட குகைகளுக்கும், மறுபக்கம் பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கொண்டுபோய் விடுகிறது.

பவளத்துக்குத் தமிழில் துகிர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. புறநானூற்றின் 218ஆம் பாடல், பொன்னும் துகிரும் முத்தும் மணியும் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் பிறந்தாலும் ஒரே அணிகலனில் வந்து சேர்வதைப் பேசுகிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் சேர்ந்த சேர்க்கையைச் சொல்ல வந்த பாடல் அது. நட்புக்குச் சொன்ன உவமை என்றே பள்ளியில் படித்தோம். வணிகத்தை மனதில் வைத்துப் படித்தால், துகிர் தொலைவிலிருந்து வரும் பொருள் என்பதை அந்தப் புலவர் நன்றாக அறிந்திருந்தார் என்றும் தோன்றுகிறது.

மற்றவர்களும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் குறிப்பேடு, முசிறியில் இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. அதே நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, நாம் முத்தை மதிப்பதுபோல் இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள் என்கிறார். பவளம் இந்தியாவுக்கே போய்விடுவதால் அது விளையும் ஊர்களிலேயே அரிதாகிவிட்டது என்றும் வருந்துகிறார். அர்த்தசாஸ்திரம் பவளத்தின் ஒரு வகைக்குத் தரும் பெயர் அலெக்சாந்திரியாவைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, வெள்ளைக்காரர்கள் சென்னையில் கோட்டை கட்டுவதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வணிகத்துக்குப் பாதை விழுந்துவிட்டது.

பவளம் என்பது என்ன? நவரத்தினங்களில் முத்தும் பவளமும் மட்டுமே உயிர்கள் செய்தவை. மற்ற ஏழும் பாறையில் பிறந்தவை. கடலுக்கடியில் செம்பவளத்தைப் பார்த்தால் இலையுதிர்ந்த ஒரு குட்டி மரம் போல இருக்கும். அந்தச் சிவப்புக் கிளைகள் முழுக்க வெள்ளைப் பூக்கள் பூத்திருக்கும். அவை பூக்களல்ல. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் உயரமே உள்ள விலங்கு, பவளப்பாலிப். எட்டுக் கைகளை விரித்து, நீரோட்டத்தில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கிறது. ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒரே உடம்பாக ஒட்டி வாழ்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து நடுவில் கட்டும் எலும்புதான் நாம் மணியாகக் கோக்கும் பவளம். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கரிமத்தையும் சேர்த்து, கொஞ்சம் மெக்னீசியமும் கலந்து, கால்சியம் கார்பனேட்டாக இறுக்குகின்றன. நிறம் தருவது கரோட்டினாய்டு எனும் நிறமிக் குடும்பம். மஞ்சள் முள்ளங்கிக்கும் வேகவைத்த இறால் ஓட்டுக்கும் நிறம் தருவது அதே குடும்பம்தான்.

ராமநாதபுரத்துக் கடலில் இருக்கும் பவளப்பாறைகள் வேறு இனம். அந்தப் பாலிப்புகளுக்குக் கைகள் ஆறின் மடங்காக இருக்கும். உடம்புக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்துக்கொண்டு, அவை வெயிலில் சமைக்கும் உணவில் பங்கு வாங்கி வாழ்பவை. அதனால் வெளிச்சம் எட்டும் ஆழத்தில்தான் வளரும். செத்தால் வெள்ளையாக, துளை துளையாக மிஞ்சும். செம்பவளத்துக்கு அந்தப் பாசித் துணை இல்லை. வெயில் அதற்குத் தேவையும் இல்லை. மத்தியதரைக் கடலில் குகைகளின் கூரையிலும் பாறை விளிம்புகளின் அடியிலும், மங்கலான வெளிச்சத்தில், சில பத்து மீட்டரிலிருந்து பல நூறு மீட்டர் ஆழம் வரை தலைகீழாகத் தொங்கிக்கொண்டுகூட வளர்கிறது. சோறு போடும் பாசி இல்லாததால் வளர்ச்சி மிக மெதுவாக நடக்கிறது. ஒரு கிளை ஓர் ஆண்டில் அரை மில்லிமீட்டர்கூடத் தடிப்பதில்லை. அந்தப் பொறுமையால்தான் எலும்பு அடர்த்தியாகிறது. அந்த அடர்த்தியால்தான் மெருகு ஏறுகிறது.

அதை எடுத்த முறை கொடுமையானது. இரண்டு கனத்த மரக்கட்டைகளைச் சிலுவையாகக் கட்டி, நடுவில் பாறாங்கல்லைப் பிணைத்து, நான்கு முனைகளிலும் பழைய வலைகளைத் தொங்கவிடுவார்கள். படகிலிருந்து இறக்கி, கடலடிப் பாறை மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். கிளைகள் ஒடிந்து வலையில் சிக்கும். சிக்காதவை ஆழத்தில் விழுந்து வீணாகும். நூற்றாண்டுகளாக இது நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சிலுவையைத் தடைசெய்தது 1994இல்தான்.

சார்தீனியா, கார்சிகா, வட ஆப்பிரிக்கக் கரை என்று பல இடங்களில் ஒடித்த பவளம், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் வந்து குவிந்தது. மெடிசி பிரபுக்கள் 1590களில் எந்த நாட்டாரும் எந்த மதத்தாரும் வந்து வணிகம் செய்யலாம் என்று திறந்துவிட்ட ஊர் அது. ஸ்பெயின் 1492இல் யூதர்களை வெளியேற்றியது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் போர்ச்சுகல் அவர்களை மதம் மாற வற்புறுத்தியது. அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் லிவோர்னோ, ஆம்ஸ்டர்டாம், பிறகு லண்டன் என்று சிதறினார்கள். சிதறியதே அவர்களுக்கு முதலானது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு மைத்துனரோ சித்தப்பாவோ இருந்தார். அதனால் ஒரு கடிதம் இருந்தால் போதும், சரக்கு கைமாறும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. துணியையும் மிளகையும் தன் கையில் வைத்துக்கொண்டு, வைர வணிகத்தைத் தீர்வை வாங்கிக்கொண்டு தனியாருக்கு விட்டது. லண்டனின் யூத வணிகர்கள் லிவோர்னோப் பவளத்தையும் வெள்ளியையும் கம்பெனிக் கப்பலில் சென்னைக்கு அனுப்புவார்கள். இங்கே இருக்கும் அவர்கள் ஆள் அதை விற்று, அந்தப் பணத்தில் வைரம் வாங்கித் திருப்பி அனுப்புவார். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களாக, அதாவது மூத்த உறுப்பினர்களாக, நியமிக்கப்பட்டவர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள், இந்து வணிகர்களும் இருந்தார்கள். ஜாக் தெ பைவா என்ற வைர வணிகர் அதற்கு முந்தைய ஆண்டு சென்னையிலேயே இறந்துபோனார். தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்த யூதர் இடுகாட்டில் மிஞ்சிய கல்லறைக் கற்களைப் பிற்காலத்தில் லாயிட்ஸ் சாலைக்கு எடுத்துப்போனார்கள்.

லண்டனில் ஏற்றிய பவளப் பெட்டி இங்கே வந்துசேர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதிலும் கடைசி ஒரு மைல்தான் பயங்கரம். அன்றைய சென்னையில் துறைமுகம் என்று எதுவும் இல்லை. துறைமுகக் கட்டுமானம் தொடங்கியதே 1870களில். கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலை மேல் அலையாக உடையும். ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் நொறுங்கின. நம் மீனவர்களின் மசூலாப் படகு நொறுங்கவில்லை. அதில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணியடித்த படகு விறைத்து நின்று அந்த அடி முழுவதையும் வாங்கும். தைத்த படகு நெளிந்து கொடுத்து, அடியை எல்லாத் தையல்களுக்கும் பங்கிடும். தண்ணீர் கசியும், இறைத்துக்கொள்ளலாம். மத்தியதரைக் கடலின் பவளம் சென்னை மண்ணைத் தொட்டது அந்தத் தையல்களின் புண்ணியத்தில்தான். வணிகர்களின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. அந்தப் படகைத் தைத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. இது எனக்கு ஆறாத குறை.

இனித் தராசின் மறுதட்டு.

1720களின் பிற்பகுதியில் பிரேசிலின் வைரங்கள் வெளியுலகுக்குத் தெரியவரும்வரை, உலகச் சந்தைக்கு வந்த வைரம் ஏறக்குறைய எல்லாமே இந்தியாவிலிருந்து போனது. கோல்கொண்டா வைரம் என்று பெயர். கோல்கொண்டாக் கோட்டையில் வைரம் வெட்டவில்லை. அது சந்தையும் ஆட்சியும் இருந்த இடம். வைரம் கிடைத்தது கிருஷ்ணா ஆற்றுப் படுகையில், கொல்லூர் போன்ற ஊர்களின் சரளை மண்ணில். அந்தச் சரளைக்குள் அது வந்த வழி நீண்டது. பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே, மேல்மூடகத்தின் நெருக்கத்திலும் வெப்பத்திலும், கரிம அணுக்கள் நான்கு பக்கமும் கைகோத்து இறுகும்போது வைரம் உருவாகிறது. பெரும்பாலான வைரங்களின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆழத்திலிருந்து பாய்ந்தெழும் எரிமலைக் குழம்பு அவற்றைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. மெதுவாக வந்தால் வழியிலேயே கரிக்கோல் ஈயமாக, அதாவது கிராஃபைட்டாக, மாறிவிடும். விரைந்து வந்ததால்தான் தப்பியது. பிறகு மழையும் ஆறும் பாறையைக் கரைத்து, கரையாத வைரத்தைச் சரளையோடு சேர்த்து ஒதுக்கின. கோல்கொண்டாவின் பெரிய கற்கள் பலவற்றில் நைட்ரஜன் கலப்பு இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. தண்ணீர் போன்ற அந்தத் தெளிவுக்கு அதுதான் காரணம்.

ஆக, பவளக்காரத் தெருவில் சந்தித்தவை இரண்டு. ஒன்று கடலடி இருட்டில் ஓர் உயிர் சில பத்தாண்டுகளில் கட்டிய எலும்பு. மற்றொன்று பூமியின் அடி இருட்டில் நூறு கோடி ஆண்டுக்கு முன்பு இறுகிய கல். அவற்றை எதைக் கொண்டு நிறுத்தார்கள்?

விதையைக் கொண்டு நிறுத்தார்கள். நம் பக்கத்துப் பழைய நிறுத்தலளவையில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி என்பது ஆனைக்குன்றிமணி மரத்தின் செக்கச்சிவந்த விதை. பார்த்தால் மெருகிட்ட பவளம் போலவே இருக்கும். ஐரோப்பிய வணிகர்கள் தங்கள் கடிதங்களில் இதையே மாஞ்செலின் என்று எழுதினார்கள். அவர்களுடைய காரட்டும் ஒரு விதையில் பிறந்ததுதான். மத்தியதரைக் கரையில் விளையும் கரோப் மரத்தின் விதை அது. ஒரு மஞ்சாடி ஏறக்குறைய ஒன்றேகால் காரட்டுக்கும் ஒன்றரைக் காரட்டுக்கும் நடுவே நின்றது. கரோப் மரத்தின் விதைகள் எல்லாம் ஒரே எடை, அதனால்தான் எடைக்கல் ஆயின என்று நெடுங்காலம் நம்பினார்கள். அண்மையில் நிறுத்துப் பார்த்தபோது, மற்ற மரங்களின் விதைகளைப் போலவே கரோப் விதையிலும் ஏற்றத்தாழ்வு இருப்பது தெரிந்தது. சீராக இருந்தது விதை அல்ல, அதைப் பொறுக்கிய கண். பழகிய கண் பெரியதையும் சிறியதையும் ஒதுக்கி, ஒத்தவற்றை மட்டும் எடுத்துவைத்தது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. அளவை என்பது கருவியில் தொடங்குவதற்கு முன்னால் பழக்கத்தில் தொடங்கியிருக்கிறது.

இந்த வணிகத்தில் எவ்வளவு புழங்கியது என்பதற்கு ஒரு கல் போதும். 1698 முதல் 1709 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் தாமஸ் பிட். 1701இல் ஜாம்சந்த் என்ற வைர வணிகர் சுமார் 300 மஞ்சாடி எடையுள்ள ஒரு வெட்டாத கல்லை அவரிடம் கொண்டுவந்தார். பேரம் மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் 48,000 வராகனுக்குப் படிந்தது. பிட் அதை மகன் கையில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். 410 காரட் கல்லை வெட்டி, தீட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. மிஞ்சியது 140 காரட். 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியான் பிரபு 1,35,000 பவுண்டுக்கு அதை வாங்கினார். பின்னாளில் நெப்போலியனின் வாளில் பதிந்திருந்தது. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ரீஜென்ட் என்ற பெயரில் இருக்கிறது. கல்லை இங்கிலாந்துக்கு எடுத்துப்போன மகனுக்குப் பிறந்த வில்லியம் பிட்டும், அவருடைய மகனும் பிரிட்டனின் பிரதமர்கள் ஆனார்கள். அந்தக் குடும்பத்தின் செல்வத்துக்கு அடித்தளம் சென்னையில் படிந்த ஒரு பேரம்.

பேரம் எப்படி நடந்தது? 17ஆம் நூற்றாண்டில் வைரச் சுரங்கங்களைப் பார்க்க வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே வியந்து எழுதியிருக்கிறார். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கைகளைத் துணிக்குள் மறைத்துப் பிடித்துக்கொள்வார்கள். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, கையைப் பிடித்தால் ஒரு தொகை. வாய் பேசாது. முகமும் எதையும் காட்டாது. சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். தவெர்னியேவுக்கு இது விந்தை. நம்மூர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு விந்தையாக இருக்காது.

ஒரே சரக்கை ஒரே தெருவில் குவிப்பதும் இதே நுட்பத்தின் தொடர்ச்சிதான். பக்கத்திலேயே போட்டியாளர் இருந்தால் வியாபாரம் குறையுமே என்று தோன்றும். ஆனால் ஜார்ஜ் டவுனில் இன்றும் துணிக்கு கோடவுன் தெரு, வேதிப்பொருளுக்கும் மருந்துக்கும் நைனியப்ப நாயக்கன் தெரு என்று சரக்குக்கு ஒரு தெரு இருக்கிறது. பவளம், வைரம் போன்ற பொருளில் வாங்குபவருக்குப் பெரிய பயம் ஏமாந்துவிடுவோமோ என்பது. எலும்புத் துண்டுக்கும் சாயம் போடலாம். பத்துக் கடை ஒரே வரிசையில் இருந்தால் நான்கு இடத்தில் பார்த்து, விசாரித்து, ஒப்பிடலாம். ஒருவர் கலப்படம் செய்தால் மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாள் அவருக்குக் கடன் கிடைக்காது, தரகர் எட்டிப் பார்க்க மாட்டார். காவலும் நீதிமன்றமும் செய்ய முடியாத வேலையைத் தெருவே செய்தது. கடல் கடந்த நம்பிக்கையும் இப்படித்தான் நின்றது. 18ஆம் நூற்றாண்டில் லிவோர்னோவின் எர்காஸ், சில்வேரா என்ற யூதக் கூட்டாளிகள், கோவாவின் சாரஸ்வத பிராமண வணிகர்களுக்குப் பவளம் அனுப்பி வைரம் வாங்கினார்கள். இருபுறமும் எழுதிக்கொண்டது போர்ச்சுகீசிய மொழியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஒரே சட்டத்துக்கு உட்பட்டவர்களும் இல்லை. கெட்ட பெயர் கடிதத்தோடு கடிதமாக எங்கும் வந்துவிடும் என்ற அச்சமும், நல்ல பெயர் அடுத்த சரக்கைக் கொண்டுவரும் என்ற ஆசையும் அவர்களைக் கட்டிவைத்தன.

தராசின் இரண்டு தட்டுகளையும் வேதியியல் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். பவள மணி மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுண்ணிய குமிழிகள் எழும். (வீட்டில் இருக்கும் மணியில் செய்துபார்க்க வேண்டாம், மெருகு போய்விடும்.) அந்தக் குமிழி கரியமில வாயு. கால்சியம் கார்பனேட்டுக்குள் பாலிப் பூட்டிவைத்த கரிமம் அப்படி வெளியேறுகிறது. 1772இல் லவாய்சியே பெரிய கண்ணாடி வில்லைகளால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தார். அதிலிருந்து வந்ததும் கரியமில வாயுதான். 1797இல் ஸ்மித்சன் டெனன்ட், வைரம் கரிமத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்று நிறுவினார். மத்தியதரைக் கடலும் கிருஷ்ணாப் படுகையும் பண்டமாற்றுச் செய்துகொண்ட இரண்டு சரக்கிலும் ஒரே தனிமம் இருந்திருக்கிறது. பவளத்தின் எடையில் அது எட்டில் ஒரு பங்கு, வைரத்தில் முழுப் பங்கு. துணிக்குள் விரல் பிடித்த எவருக்கும் இது தெரிந்திருக்க முடியாது.

அவர்கள் சாய்ந்து உட்கார்ந்த சுவரும் அதே கதைதான். சென்னைச் சுண்ணாம்பு அந்தக் காலத்தில் வெளிநாட்டாரை மலைக்க வைத்தது. பளிங்கு என்றே பலர் ஏமாந்தார்கள். கிளிஞ்சல் ஓடுகளைச் சூளையில் ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து நீற்றுச் சுண்ணாம்பு மிஞ்சும். அதை நீரில் தாளித்து, மணலோடு அரைத்து, முட்டை வெண்கருவும் வெல்லமும் கடுக்காய்ச் சாறும் சேர்த்துப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். காய்ந்தபின் சுவர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உறிஞ்சும். பல ஆண்டுகளில் மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே, கிளிஞ்சலாக இருந்தபோது என்னவோ அதுவாகவே, கல்லாகிவிடும். கடல் உயிரின் எலும்பு பெட்டிக்குள்ளும் இருந்தது, கடல் உயிரின் ஓடு சுவரிலும் இருந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தில் எதிரி பதுங்க வசதி இருந்ததைக் கண்டு, அதை இடித்துத் திறந்தவெளி ஆக்கினார்கள். உயர் நீதிமன்றம் இன்று நிற்கும் இடம் அந்த இடிந்த ஊரின் மேல்தான். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டு, பூக்கடைப் பக்கம் புதிதாக எழுந்தது. இதைத் தாண்டிக் கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. மக்கள் வடக்கே நகர்ந்தார்கள். அதுவரை புறநகராக இருந்த முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் ஊரின் நடுவாக மாறின. ஊரைச் சுற்றி எழுந்த மதிலின் நினைவு வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் மிச்சமிருக்கிறது. பெயர்கள் திரிவதும் அழகுதான். ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெரு, தமிழ் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் இல்லை, 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. பவளக்காரத் தெருவின் பெயர் மட்டும் திரியாமல் பொருளோடே நின்றுவிட்டது.

சரக்குதான் நிற்கவில்லை. பிரேசில் வைரம் ஐரோப்பாவில் கொட்டியபோது விலை சரிந்தது. கோல்கொண்டாவின் சரளைகளும் வற்றிக்கொண்டு வந்தன. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சென்னையின் யூத வணிகக் குடும்பங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பவள வணிகம் பிறகு கல்கத்தாப் பக்கம் சாய்ந்தது. 1875 முதல் 1880 வரை சிசிலியின் ஷாக்கா ஊருக்கு எதிரே கடலடியில், என்றோ செத்து அடியில் குவிந்துகிடந்த பவளம் மலைமலையாகக் கிடைத்தபோது, அதில் பெரும்பங்கு இந்தியாவுக்கே வந்தது.

காலியான வீடுகளுக்கு வேறு வணிகர்கள் வந்தார்கள். செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார்களுக்கு, ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறுவதற்கு நடுவே ஓர் இடம் வேண்டியிருந்தது. பவளக்காரத் தெருவில் அவர்கள் வீடுகளும் விடுதியும் வந்தன. பெட்டியடியில் சாய்மேசை முன் உட்கார்ந்து உண்டியல், அதாவது பணமாற்றுச் சீட்டு, எழுதினார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாகத் தொழில் பழகினார்கள். இவர்கள் விற்றது பணத்தை. அதிலும் ஊருக்கு ஊர் உறவு, வாய்ச்சொல், கெட்ட பெயருக்கு அஞ்சுதல் என்று முன்பிருந்தவர்களின் அதே மூலதனம்தான் ஓடியது. காரைக்குடி வீடுகளின் சுவரில் முட்டை வெண்கருச் சுண்ணாம்பைத் தடவிப் பார்த்து வியப்பவர்கள், அந்த மெருகுக்கு இந்தத் தெருவிலும் சொந்தம் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பின் கதைக்கு ஒரு சோகமான பக்கமும் உண்டு. கிளிஞ்சல் போதாதபோது மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளையே உடைத்து, சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். சிமெண்டுக்கும் எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும், கீழக்கரைப் பக்கத்தில் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கத்தில் விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. இன்று அந்தப் பாறையில் ஒரு துண்டை எடுத்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். மத்தியதரைக் கடலிலும் 1999 கோடையில் நீர் அளவுமீறிச் சூடானபோது செம்பவளமும் அதன் உறவினங்களும் கூட்டம் கூட்டமாக இறந்தன. கரியமில வாயு கூடிக் கடல் புளிப்பேறினால் அதன் எலும்பு வளர்ச்சி குன்றும் என்று சோதனைத் தொட்டிகளில் கண்டிருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு செய்யும் அதே வேலை, மிக மெதுவாக.

என் பாட்டியின் தாலிச் சரட்டில் பொன்மணிகளுக்கு நடுவே இரண்டு பவள மணிகள் இருந்தன. வியர்வைப் புளிப்பில் மெருகு போய், ஒரு பக்கம் வெளிறியிருந்தது. பவளத்தை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தில் இருப்பதுபோல் ஆண்டு வளையங்கள் தெரியும். பாட்டியின் மணிகளை நான் அறுக்கவில்லை. அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஏழு மில்லிமீட்டர். ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால், எட்டுக் கைகளை விரித்தபடி ஏதோ ஒரு குகையின் இருட்டில் அது இருபது ஆண்டுகளாவது வளர்ந்திருக்கிறது.